மைக்கை அடைக்கும் அதிகாரம்

கட்டற்ற மென்பொருளின்பால் பற்றுக்கொண்டு தமிழ்நாட்டில் கூடிப் பேசிவரும் சிறு குழுக்களுள் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜிட்சி என்னும் காணொலிச் சாதனத்தின் வழியே அது கூட்டுகிற சபைக்கு அழைப்பிதழ் கிடையாது, கட்டணம் கிடையாது, அங்கத்தினர் என்று பதிந்துகொள்ள வேண்டிய அவசியமும் கிடையாது. லிங்க் இன்னதென்பதை ஊரறிய அறிவித்துவிடுகிறார்கள். அதைத் தொட்டவர் எவராயினும் உள்ளே வரலாம். சம்பாஷணை முழுவதும் தமிழிலேயே நடைபெறும் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். பெயரில் காஞ்சி இருந்தாலும், காணொலி வந்த பிற்பாடு ஊரெல்லை என்பது அழிந்துபோயிற்று. தாம்பரத்தில் இருப்பவரும் டொராண்டோவில் இருப்பவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தாம்பரத்துக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முதலியவர்களின் முயற்சியால் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், அதன் வழியில் பின்னர் எழுந்த அறக்கட்டளையும், கட்டற்ற தமிழ் மின்னூல்களும் எத்தனையோ ஆயிரம் வாசகர்களைச் சென்றடைந்திருக்கின்றன. அம்மின்னூல்களில் ஒன்றை இறுதிப் பக்கம் வரையில் பொறுமையோடு புரட்டியவர்கள், நன்கொடை செலுத்தவேண்டிய வங்கிக் கிளை மேற்குத் தாம்பரம் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு சற்றே வியந்திருப்பார்கள். பல்லாவரத்திலிருந்து காட்டாங்கொளத்தூர் வரையில் ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் கல்லூரிகள் நிறைந்திருப்பதையும், அவற்றின் விடுதிகளிலும் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் கணினி பயிலும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருப்பதையும் எண்ணிப் பார்த்தால், இத்தகைய திறந்த சபைகளுக்கு இந்த வட்டாரத்தைக் காட்டிலும் தகுந்த நிலம் வேறில்லை என்றே சொல்லத் தோன்றும்.

எல்லோரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தவர்கள், உள்ளே வந்தவர்களில் யார் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, யாரை எப்போது நிறுத்துவது, எவரை வெளியேற்றுவது என்பவற்றை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். இது மென்பொருள்காரர்களின் உள்வீட்டு விவகாரம் என்று பொதுஜனங்கள் ஒதுக்கிவிட முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமும், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டமும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் குடும்பத்தார் நடத்தும் பஞ்சாயத்தும்கூட இன்று காணொலியில்தான் நடக்கின்றன. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறந்த சபைக்கு அக்கிராசனர் ஒருவர் அவசியம், அவருடைய அதிகாரம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டதாக இருக்கவேண்டும், அந்த அதிகாரம் முக்கியமாகப் பிரயோகிக்கப்பட வேண்டியது வெளியிலிருந்து வரும் துஷ்டர்கள்மீது அன்று, உள்ளே இருக்கும் நல்லவர்கள்மீதுதான்.

துஷ்டர்களைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், அவர்கள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டங்களின் பங்கேற்பு, ஊரடங்கு வந்த 2020 மார்ச்சில் 20 கோடியாகப் பெருகியது. பெருகிய அதே மாதத்தில், அறிமுகமில்லாத கூட்டங்களுக்குள் அத்துமீறிப் புகுந்து ஆபாசப் படங்களைத் திரையில் காட்டுவதும், நிறவெறிக் கூச்சல் போடுவதும் ஒரு விளையாட்டாகப் பரவி, அமெரிக்கப் புலனாய்வுத் துறையே எச்சரிக்கை விடுக்கும்படி ஆயிற்று. நம் உள்துறை அமைச்சகமும் அவ்வாண்டு ஏப்ரலில் ஜூம் பாதுகாப்பானதன்று என்று அறிவித்தது. பாஸ்வேர்டும் காத்திருப்பு அறையும் அப்போதுதான் இயல்பான ஏற்பாடாயின. ஜிட்சியோ இவற்றுக்கு நேர்மாறான கொள்கையில் வளர்ந்தது. ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் 2003-ல் தொடங்கிய அந்தத் திட்டம், பெயரோ கணக்கோ கேளாமல், ஓர் அறைக்கு ஒரு பெயரிட்டு நுழைந்தால் கூட்டம் தொடங்கிவிடலாம் என்ற சுதந்திரத்தையே தன் ஆபரணமாகக் கொண்டிருந்தது. அதே பெயரை வேறொருவர் தட்டினால் அவரும் அதே அறைக்குள் வந்துவிடுவார் என்பது அந்த ஆபரணத்தின் மறுபக்கம். துர்ப்பிரயோகம் அளவு கடந்ததால், 2023 ஆகஸ்டு 24 முதல், அதன் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் ஒருவராவது கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் கணக்குகளில் ஒன்றைக் கொண்டு தம்மை அடையாளம் காட்டியாக வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபடும்பொருட்டு ஜிட்சிக்கு வந்தவர்கள், அதன் வாசலில் அந்நிறுவனங்களின் முத்திரையையே காட்டி நுழைய நேர்ந்தது விசனத்துக்குரியதுதான். ஆனாலும் பிறரைக் குறைகூறுவதற்கு இதில் அதிகம் இடமில்லை. சொந்த சர்வரில் ஜிட்சியை நிறுவிக்கொள்ள யாருக்கும் தடையில்லை. கட்டற்ற மென்பொருளின் பெருமையே அதுதானே.

வாசற்காவலை இவ்விதம் ஒருவாறு ஏற்பாடு செய்துவிடலாம். ஆபாசக்காரனைக் கண்டால் அடுத்த கணமே வெளியேற்றுவதற்கு எவரும் தயங்கமாட்டார்கள். அவனுக்காக வாதாட எவரும் முன்வரவும் மாட்டார்கள். அக்கிராசனரின் கை உண்மையில் நடுங்குவது வேறோர் இடத்தில்.

பெயர் சொல்ல வேண்டாத ஒரு கூட்டத்தில் நான் கண்டது இது. அன்றைய விஷயம், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் சாதனத்தைக் கையாளும் முறை. பிரசங்கம் செய்தவர் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி, குறித்த நேரத்தில் முடித்து, கேள்விகளுக்கு இடம் கொடுத்தார். உடனே மைக்கைத் திறந்தார் ஒரு பெரியவர். நிறையப் படித்தவர், பல ஆண்டுகள் கணினித் துறையில் உழைத்து ஓய்வு பெற்றவர், எல்லோரிடத்தும் பிரியமாக இருப்பவர். கேள்வி என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் கேள்வி, அவர் இளமையில் வேலை பார்த்த பெரிய கணினியின் சரித்திரமாக மாறி, அங்கிருந்து காந்த நாடாக்களுக்குப் போய், இன்றைய பிள்ளைகளுக்கு அடிப்படை தெரியவில்லை என்ற வருத்தத்தில் சற்று இளைப்பாறி, மறுபடியும் கணினிக்கே திரும்பியது. அந்தச் சமயத்தில், கேமராவை அணைத்து வைத்திருந்த ஒரு பெண்ணின் பெயருக்கு மேலே, கை உயர்த்தியதற்கு அடையாளமான சிறு சின்னம் தோன்றியிருந்தது. கூட்டத்தை நடத்திய இளைஞர் இரண்டு முறை “சார்…” என்று இழுத்தார். “இருப்பா, ஒரே நிமிஷம், முக்கியமான இடத்துக்கு வந்திருக்கேன்” என்று பதில் வந்தது. இளைஞர் சிரித்துக்கொண்டு அடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை இறங்கியது. “பரவாயில்லை, அப்புறமா கேட்டுக்கிறேன்” என்று எழுத்துப் பெட்டியில் ஒரு வரி வந்தது. பின் அந்தப் பெயரும் திரையிலிருந்து மறைந்தது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உடனே நிறுத்தியிருப்பார் என்றே நம்புகிறேன்.

யாரும் யாரையும் திட்டாத, எந்த விதியும் மீறப்படாத அந்த மாலையில், சபைக்குப் புதிதாக வந்த ஒருத்தி வெளியேறினாள். கூட்டம் நன்றாக நடந்தது என்றுதான் அன்றைய குறிப்பில் எழுதியிருப்பார்கள்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931 முதல் ஓடிவருகிற மின்சார ரயிலில், மூவர் உட்காரும் பலகையில் நாலாமவருக்கு இடம் உண்டாவதை நாம் தினமும் காண்கிறோம். “கொஞ்சம் நகருங்க” என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அங்கே சட்டமும் இல்லை, அதிகாரியும் இல்லை. நிற்பவர் கண்ணெதிரே நிற்கிறார் என்பதே அந்தத் தர்மத்துக்கு ஆதாரம். காணொலியிலோ நிற்பவர் கண்ணில் படுவதில்லை. பேசுகிறவரின் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ள, காத்திருப்பவர்கள் ஓரத்தில் சிறு சிறு கட்டங்களாக, பெரும்பாலும் பெயரின் முதலெழுத்தாக மட்டுமே, ஒதுங்கி நிற்கிறார்கள். நேரில் கூடுகிற சபையில் ஒருவர் இருமுவதும், நாற்காலியை நகர்த்துவதும், கடிகாரத்தைப் பார்ப்பதும் பேசுகிறவருக்கு ஏதோ ஒரு சமிக்ஞையாகிவிடும்; எல்லோருடைய மைக்கும் அடைக்கப்பட்ட சபையில் பேசுகிறவருக்குத் தம் குரல் ஒன்றே காதில் விழுகிறது. ஆகவே, நேர்க்கூட்டத்தில் சபையோரின் இங்கிதமே செய்துவந்த காரியத்தை, இங்கே ஒருவர் தம் கடமையாக ஏற்றுச் செய்தாக வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவர் நம் ஊரில் பெரும்பாலும் இளைஞராக இருப்பார். இடைமறிக்கப்பட வேண்டியவரோ பெரும்பாலும் மூத்தவராக இருப்பார். வயதில் பெரியவர் பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கிடுவது மரியாதையன்று என்று சிறு வயதிலிருந்தே பழகி வந்த பிள்ளையிடம், “நீ நெறிப்படுத்து” என்று சொல்லிவிட்டு, அதற்கு வேண்டிய பலத்தைக் கொடாமல் விடுவது நியாயமன்று. ஒருவர் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது என்பது சபையின் விதியாக இருந்து, அது கூட்டத்தின் ஆரம்பத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்பட்டிருந்தால், அந்த இளைஞர் “சார்” என்று இழுக்க வேண்டிய நிர்ப்பந்தமே உண்டாகாது. “நேரம் முடிஞ்சுது சார், அடுத்து அவங்க கேட்கட்டும்” என்று அவர் சொல்லும்போது, சொல்பவர் அவராக இல்லாமல் சபையாகிவிடுகிறது. பெரியவருக்கும் அதனால் கௌரவக் குறைவு இல்லை. தம் முறையை ஒரு பையன் பறித்தான் என்று அவர் வருந்த வேண்டியதும் இல்லை. எழுதப்பட்ட விதி அதிகாரத்தை வளர்க்கும் என்று அஞ்சுகிறவர்கள், எழுதப்படாத விதியொன்று, அதாவது மூத்தவர்க்கும் ஆண்களுக்கும் ஆங்கிலச் சொற்களைச் சரளமாக வீசுகிறவர்க்கும் சபை சொந்தம் என்ற விதி, ஏற்கெனவே ஆட்சி செய்துகொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்றால் சுதந்திரம், சுதந்திரத்துக்கு விதிமுறை ஏது என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு அவர்களுடைய ஆகமத்தையே காட்டலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். என்னும் மென்பொருள் உரிமம், வரிக்கு வரி நிபந்தனைகளால் ஆனது. நீ பெற்ற சுதந்திரத்தை அடுத்தவனுக்கும் அப்படியே கொடுக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை அது விதித்திராவிட்டால், லினக்ஸ் என்ற பெருஞ்சொத்து இன்று யாருடைய பெட்டியில் பூட்டிக் கிடக்குமோ, யார் கண்டார்? அந்த லினக்ஸின் கருவை முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பேணிவரும் லினஸ் டோர்வால்ட்ஸ், சகாக்களைக் கடுஞ்சொற்களால் தாக்குவதில் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டு சில காலம் ஒதுங்கியிருந்ததும், அதே சமயத்தில் அந்தத் திட்டம் ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டதும் அறியத்தக்கவை. அன்று, இனிமேல் நல்ல நிரல் எழுதுகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஜோசியம் சொன்னவர்கள் அனேகர். லினக்ஸ் இன்றும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கிற ஐ.இ.டி.எஃப். என்ற பொறியாளர் சபையில் வாக்கெடுப்பு என்பதே கிடையாது. கருத்தொற்றுமை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய விரும்பும் அக்கிராசனர், “இதை ஏற்பவர்கள் முனகுங்கள்” என்பார். எல்லோரும் வாய் திறவாமல் தொண்டையால் முனகுவார்கள். யார் முனகினார் என்று தெரியாது, எவ்வளவு பலமாக என்பது மட்டும் தெரியும். அழகான வழக்கம்தான். ஆனால் 2020-ல் பெருந்தொற்று வந்து கூட்டங்கள் யாவும் காணொலிக்கு மாறியபோது, மைக் அடைத்த சபையில் முனகலை எங்கே கேட்பது? முனகலுக்குப் பதிலாக மென்பொருளிலேயே ஒரு கருவியை அமைத்து, பிறகு அதையும் விட்டுக் கையுயர்த்தும் முறைக்கு வந்தார்கள். இணையத்தை வடித்தவர்களே தங்கள் சபையை இணையத்தில் நடத்துவதற்குத் தனியாக ஒரு பாடம் படிக்க நேர்ந்தது. வலைத்தள நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யிலோ, பேச விரும்புகிறவர் எழுத்துப் பெட்டியில் ஒரு குறியைத் தட்டினால், வரிசையில் அவர் பெயர் ஏறிவிடுகிறது. வரிசையை வைத்திருப்பது ஒரு நிரல். குரல் பெரியதா சிறியதா என்று நிரலுக்குத் தெரியாது. கூச்சமுள்ளவர்களுக்கு இதைப் போன்ற உபகாரம் வேறில்லை.

வெளிநாட்டைத்தான் பார்க்கவேண்டும் என்பதும் இல்லை. சபை நடத்துவதில் தமிழர்களுக்கு அனுபவம் குறைவா என்று கேட்டால், ஊர்ச்சபைத் தேர்தல் முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை யாராவது எடுத்து வீசிவிடுவார்கள். அதைச் சற்று ஓய்வெடுக்க விட்டுவிட்டு, நம் பாட்டனார் காலத்துக் காரைக்குடியைப் பார்ப்போம். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில், பிரசங்கத்தின் சுவைக்கு நிகராகப் பேசப்பட்டது நேரம் தவறாமை. எத்தனை பெரிய வித்துவானாயினும் குறித்த மணிக்குத் தொடங்கி, குறித்த மணிக்கு முடிக்கவேண்டும். சபையின் நேரம் பேசுகிறவரின் சொத்தன்று, கேட்கிறவர்களின் சொத்து என்ற உணர்வு அங்கே ஆட்சி செய்தது. தாம்பரத்துக்கும் இவ்விஷயத்தில் ஒரு பழைய கீர்த்தி உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் இங்கே குடியேறிய மறு ஆண்டே, டிசம்பர் மாதத்தில், அகில உலக மிஷனரிக் கவுன்சிலின் மகாநாடு அக்கல்லூரியின் காட்டு வளாகத்துக்குள் கூடியது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்து, இரண்டு வாரங்களுக்கு மேல் தங்கி, பிற மதங்களைப் பற்றித் தங்களுக்குள்ளேயே கடுமையாக வாதாடினார்கள். அக்கிராசனம் வகித்தவர், பின்னர் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஜான் மாட். ஆயினும் அந்தப் பிரதிநிதிகள் அனைவரும் கப்பலேறி வருமுன்பே இன்னார் என்று தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டம் நடத்துகிற நம் இளைஞருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அடுத்த கணம் யார் வருவார் என்று அவருக்குத் தெரியாது.

இன்னும் அண்மையில், 2022 நவம்பர் 1-ஆம் தேதி, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து கலந்துகொண்டார். நகரவாசிகள் தெருவிளக்கையும் கழிவுநீரையும் பற்றித் தாமே எழுந்து பேசுவதற்கென்று சட்டம் வகுத்த சபை அது. முதலமைச்சர் வந்த அன்று ஒழுங்குக்குக் குறைவிருக்க முடியாது. எழுபது வார்டுகளிலும் அவர் வராத சாதாரண நாட்களில், முதலில் எழுந்து நின்ற மூவர் பேசி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதும், காணொலிச் சபைக்காரர்களைத் தொல்லைப்படுத்தும் கேள்வியும் ஒன்றேதான்.

சரி, என்ன செய்யலாம்? முதலாவது, ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் சுமத்தக்கூடாது. கூட்டத்தைத் தொடங்கிவைத்து, பேச்சாளரை அறிமுகப்படுத்தி, ஸ்கிரீன் ஷேர் வராதபோது உதவி, பதிவையும் கவனித்து, எழுத்துப் பெட்டியில் வரும் கேள்விகளையும் படித்து, அதனிடையே புகுந்துவிட்ட போக்கிரியையும் வெளியேற்றுவது என்பது பத்துத் தலை உள்ளவனாலும் ஆகாத காரியம். அக்கிராசனர் ஒருவர், வாசலைக் கவனிப்பவர் ஒருவர் என்று இருவராவது வேண்டும். பிரசங்கம் செய்பவர் இவ்விருவரில் ஒருவராக இருக்கவே கூடாது. வாசல்காரர் பேசத் தேவையில்லை. அவருடைய வேலை பார்ப்பது. நெட் போய்விட்டாலோ கரண்ட் போய்விட்டாலோ ஒருவர் இல்லாவிடினும் மற்றவர் இருப்பார் என்ற லாபமும் இதில் உண்டு. புறநகரில் மழைக்காலத்தை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அடைப்பதிலும் வெளியேற்றுவதிலும் உள்ள பேதத்தை அக்கிராசனர் நன்கு அறிந்திருக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கிறது, பல்லாவரத்தில் ஒருவர் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறக்கிறது, குழந்தை அழுகிறது: இப்படி வரும் ஓசைகளுக்காக மைக்கை அடைப்பது தண்டனையன்று, உபசாரம், அதை “உங்க மைக்கை நான் அடைச்சிருக்கேன், பேசும்போது திறந்துக்கங்க” என்று சொல்லிச் செய்யவேண்டும். ஒருவருடைய அபிப்பிராயம் பிடிக்கவில்லை என்பதற்காக அடைப்பதோ முற்றிலும் வேறு ஜாதி. இரண்டும் ஒரே பொத்தானை அழுத்துவதால் நடக்கின்றன என்பதுதான் இதில் உள்ள அபாயம். அதனால், ஆபாசம், மிரட்டல் ஆகியவற்றைத் தவிர மற்றெதற்கும் முன்னெச்சரிக்கை இல்லாமல் ஒருவரை வெளியேற்றலாகாது; வெளியேற்றியதையும் அதன் காரணத்தையும் கூட்டக் குறிப்பில் ஒரு வரியாவது எழுதவேண்டும்; வெளியேற்றப்பட்டவர் முறையிடுவதற்கு அந்த அக்கிராசனரல்லாத வேறொருவர் இருக்கவேண்டும். ஜிட்சியில் ஒருவரை வெளியேற்றினால், அவர் வேறு பெயரில் மறு நிமிஷமே திரும்பி வரலாம். போக்கிரிக்கு இது வசதி என்றாலும், தவறுதலாக வெளியேற்றப்பட்ட யோக்கியனுக்கும் அதுவே வழி என்பதால், இதற்காக நான் அதிகம் வருந்தமாட்டேன்.

பெண்கள் படும் ஒரு தொல்லையைப் பற்றிச் சபையில் யாரும் பேசுவதில்லை. சபை நாகரிகமாக நடந்துகொண்டிருக்கும்போதே, தனிச் செய்தி என்ற வசதியைப் பயன்படுத்தி, “எந்தக் காலேஜ்? நம்பர் குடுங்க” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த இருவர் திரையில் மட்டும் தெரியும், அக்கிராசனருக்குத் தெரியாது, பதிவிலும் வராது. தனிச் செய்தியை அடைக்க முடிந்தால் அடைத்துவிடலாம். முடியாவிட்டால், இன்னாரிடம் சொல்லுங்கள் என்று ஒரு பெண்ணின் பெயரையாவது கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்லலாம். கேமராவைத் திறந்தே ஆகவேண்டும், உண்மைப் பெயரில்தான் வரவேண்டும் என்று சிலர் மாற்று மருந்து சொல்கிறார்கள். நால்வர் தங்கும் விடுதி அறையில், மற்ற மூவர் துணி உலர்த்திக்கொண்டிருக்க, சுவரோரம் உட்கார்ந்து கேட்கும் மாணவிக்கு அந்த மருந்து நோயைக் காட்டிலும் கொடியது.

பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவதால் விளையும் நன்மை மிகப் பெரிது. தமிழில் தொழில்நுட்பம் கற்பிக்கும் காணொலிகள் இன்றும் குறைவாகவே இருக்கின்றன. ஆனால் பிரசங்கத்தைப் பதிவது வேறு. கேள்வி நேரத்தைப் பதிவது வேறு. முட்டாள்தனமான கேள்வி என்று தமக்கே தோன்றுவதைக் கேட்கத் துணிகிற ஒருவர், அது தம் பெயரோடு ஆண்டுக்கணக்கில் ஊர் பார்க்க நிற்கும் என்று தெரிந்தால் வாய் திறப்பாரா? 2023-ல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் விஷயத்தில் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. சட்டம் இத்தகைய சிறு குழுக்களின்மேல் எவ்வளவு தூரம் பாயும் என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். பிரசங்கம் முடிந்ததும் பதிவை நிறுத்திவிட்டு, “இனிமே பதிவு இல்லை, தாராளமா கேளுங்க” என்று அறிவிப்பதற்கு எந்த வக்கீலும் தேவையில்லை. அறிவித்த மறுகணமே கைகள் உயர்வதை நான் கண்டிருக்கிறேன்.

அக்கிராசனப் பதவி ஒருவரிடமே தங்கிவிடுவதும் நல்லதன்று. குழுவைத் தொடங்கியவரே வாராவாரம் நடத்தினால், எவ்வளவு நல்லவராயினும், நாளடைவில் சபை அவர் வீட்டுக் கூடமாகிவிடும். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கூட்டமும் நின்றுவிடும். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியிடம் அந்த ஒரு மணி நேரத்தை ஒப்படைத்து, மூத்தவர்கள் வாசல்காரராக அமர்ந்து பார்க்கட்டும். அவள் தடுமாறுவாள், ஒருவரை மறந்து ஒருவரை அழைப்பாள், நேரம் சற்று நீளும். அதனால் குரோம்பேட்டைக்கும் குடி முழுகாது, காஞ்சிக்கும் முழுகாது.

இவ்வளவையும் ஒரு பக்கத் தமிழில், சட்டப் புத்தகத்தின் வாடை இல்லாமல், சில நிமிஷங்களில் வாசிக்கக்கூடியதாக யாராவது எழுதினால் பெரிய உபகாரமாக இருக்கும். கணியம் தன் கட்டுரைகளை எடுத்தாளவும் திருத்தவும் எல்லோர்க்கும் உரிமை தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. இதையும் அவ்வாறே வெளியிட்டால், சேலையூரில் தண்ணீர்த் தொட்டிக்காக மாதந்தோறும் சண்டையிட்டுக்கொள்ளும் ஒரு குடியிருப்போர் சங்கம் அதை எடுத்து, மூன்று நிமிஷத்தை இரண்டாகக் குறைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்திலேயே வாசித்துவிடலாம். யாருடைய அனுமதியும் கேட்க வேண்டியதில்லை.